தாயற்ற இளம் பூனைக்குட்டிக்கு நீரும் பாலும் ஊட்டும் முறை

வயலில் விளைந்த நெல் சூடடித்துத் தூற்றப்பெற்று வீட்டுக்கு வந்து சேர்ந்த பின்னரும் கமக்காரரின் கவலை ஓய்வதில்லை. களஞ்சியத்தினுள்ளும் சாக்கு மூடைகளினுள்ளும் எலி புகுந்து தின்னும் நெல் ஒரு பங்கு. சிறுநீராலும் பிழுக்கையாலும் அது கெடுக்கும் நெல் மற்றொரு பங்கு. விதைநெல்லுக்கும், உலர்த்தி வைத்த பயறு, கௌபி முதலியவற்றுக்கும் நேரும் கேடும் இதுவே. எலியின் சிறுநீரினாற் பரவும் எலிக்காய்ச்சல், சேற்றில் இறங்கி வேலை செய்வோரைப் பெரிதும் தாக்குவதொரு நோயாகும். 2008 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது.

பூனை ஒன்றை வளர்ப்பதனால் மாத்திரம் எலித்தொல்லை அறவே நீங்கிவிடும் என்று கருதுதல் பொருந்தாது. களஞ்சியத்தைச் செப்பமாக அடைத்தலும், சுற்றுப்புறத்தைத் துப்புரவாக வைத்தலும், சுகாதார அதிகாரிகள் கூறும் தடுப்பு முறைகளைக் கைக்கொள்ளுதலும் எப்பொழுதும் வேண்டும். எனினும், எலி குடியேறாதவாறு களஞ்சியத்தைக் காப்பதில் நல்ல பூனை உற்ற துணையாகும் என்பது கமக்காரர் அனைவரும் அறிந்ததே.

வைக்கோற் போரைப் பிரிக்கும் பொழுதோ, கொட்டிலில் அடுக்கிய சாக்குகளை எடுக்கும் பொழுதோ, கண் திறவாத பூனைக்குட்டிகள் காணப்படுவதுண்டு. தாய்ப்பூனை வாகனத்தில் அடிபட்டோ, நஞ்சுண்ட எலியைத் தின்றோ இறந்துவிடின், அக்குட்டிகள் ஒரு நாளுக்குள் மடிந்துபோகக் கூடும். பசியினால் மாத்திரம் அவை மடிவதில்லை. உடற்சூடு தணிதலாலும், உடலில் உள்ள நீர் குறைதலாலுமே பெரும்பாலும் மடிகின்றன. இரக்கங்கொண்டு பசுப்பாலைப் பருக்குவோர் கையிலும் பல குட்டிகள் இறக்கின்றன. செய்யவேண்டியவற்றை உரிய ஒழுங்கிற் செய்தால் இத்தகைய குட்டிகளுட் பலவற்றைக் காப்பாற்றலாம். அவ்வொழுங்கு இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

1. தாய் உண்டா என அறிதல்

குட்டியைக் கண்டவுடன் தூக்கிச் செல்லலாகாது. தாய்ப்பூனை இரை தேடச் சென்றிருத்தல் கூடும். அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கௌவி வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டிருத்தலும் கூடும். குட்டிகள் வயிறு நிறைந்து, உடல் சூடாக, அமைதியாக உறங்கினால் தாய் அண்மையில் உள்ளதெனக் கொள்ளலாம். அவ்வாறாயின் விலகி நின்று சில மணி நேரம் கவனித்தல் வேண்டும். மனிதர் கைபட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்பது பிழையான எண்ணம். பெரும்பாலும் தாய் அதனை ஏற்றுக்கொள்ளும். மழை, நாய், காகம், எறும்பு ஆகியவற்றால் ஆபத்து உண்டாயின், குட்டியை அருகேயுள்ள பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிக் கவனிக்கலாம்.

தாய் திரும்பாவிடின், அயலில் குட்டி ஈன்ற வேறு பூனை உண்டா என விசாரித்தல் நன்று. ஏறக்குறைய ஒரே வயதுடைய குட்டிகளை உடைய தாய், அயற்குட்டியை ஏற்றுப் பாலூட்டுவதுண்டு. கைப்பால் ஊட்டுதலிலும் பார்க்க இது சிறந்தது. ஈன்ற முதல் நாளிற் சுரக்கும் சீம்பாலின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் குட்டியின் குடல் ஏறக்குறைய 16 மணி நேரம் வரையிலேயே உறிஞ்சும். அது கிடையாத குட்டி எளிதில் நோய்வாய்ப்படுமாதலின், துப்புரவில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

2. வயதை மதித்தல்

ஊட்டும் அளவு வயதையும் நிறையையும் பொறுத்தது. கொப்பூழ்க்கொடி ஒட்டியிருப்பின் குட்டியின் வயது ஐந்து நாளுக்கு உட்பட்டது. கண்கள் ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிற் திறக்கும். மூன்றாம் கிழமையளவில் காதுகள் நிமிர்ந்து, முன்பற்கள் அரும்பி, குட்டி தடுமாறி நடக்கத் தொடங்கும். பிறந்தவுடன் குட்டியின் நிறை ஏறக்குறைய 100 கிராம். இரண்டாம் கிழமையில் 200 கிராம். நான்காம் கிழமையில் 400 கிராம் எனப் பொதுவாகக் கொள்ளலாம்.

3. முதலிற் சூடு

குளிர்ந்த குட்டிக்குப் பாலூட்டுதல் அதனைக் கொல்லுதலுக்கு ஒப்பாகும். முதற் கிழமையில் குட்டிக்கு நடுங்கிச் சூடு பெறும் ஆற்றல் இல்லை. உடற்சூடு 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் குடலின் அசைவு தளர்ந்துவிடும். உட்சென்ற பால் சமிக்காது வயிற்றிற் தங்கிப் புளித்துப்போகும். விழுங்கும் ஆற்றலும் குன்றுவதால் பால் மூச்சுக்குழாயினுட் செல்லும்.

சுத்தமான சிறுவிரலைக் குட்டியின் வாயினுள் வைத்துப் பார்த்தல் வேண்டும். வாய் குளிர்ந்திருப்பின் குட்டி ஆபத்தான நிலையில் உள்ளது. அதனைச் சீலையிற் சுற்றி, ஒருவர் தமது மார்போடு அணைத்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றுதல் வேண்டும். அடுப்பருகே வைத்தோ, வெந்நீரில் அமிழ்த்தியோ விரைவாகச் சூடேற்றலாகாது.

பின்னர், சீலை விரித்த கடகம் ஒன்றிலோ அட்டைப் பெட்டியிலோ குட்டியை விடுக. இளஞ்சூடான நீர் நிரப்பி இறுக மூடிய போத்தலைத் துவாயினாற் சுற்றி ஒரு பக்கத்தில் மாத்திரம் வைத்தல் வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் ஊர்ந்து செல்ல இடமிருத்தல் அவசியம். முதற் கிழமையில் குட்டி கிடக்கும் இடத்தின் வெப்பநிலை 30 முதல் 32 பாகை வரை இருப்பது நன்று. பின்னர் கிழமைதோறும் சிறிது குறைக்கலாம். நுவரெலியா, வெலிமடை போன்ற குளிர்ப் பகுதிகளில் இரவில் போத்தலைப் பலமுறை மாற்ற நேரும். வரண்ட பகுதிகளிலோ, நண்பகலில் தகரக் கூரையின் கீழ் குட்டியை வைத்தால் மிகைச் சூட்டினால் உடல் நீரை இழந்துவிடும். அங்கு ஓலைக்கூரையின் நிழலே பொருத்தமானது.

4. நீரிழப்பை அறிதல்

இளங்குட்டியின் உடலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீராகும். அதன் சிறுநீரகங்கள் முதிர்ச்சியடையாதவை. வேண்டிய பொழுது நீரைச் சிக்கனமாக்கி வைத்திருக்க அவற்றால் இயலாது. ஆகையால் சில வேளை பால் தவறினாலும், ஒருமுறை கடுமையாகக் கழிந்தாலும் குட்டி வாடிவிடும்.

வளர்ந்த விலங்கிற் செய்வதுபோலத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது இளங்குட்டியில் நம்பத்தக்க சோதனை அன்று. பின்வரும் குறிகளையே கவனித்தல் வேண்டும்:

(அ) முரசும் வாயின் உட்புறமும் ஈரமாக வழுக்காமல் விரலில் ஒட்டுதல்.
(ஆ) சிறுநீர் கடும் மஞ்சளாதல். நன்கு நீருண்ட இளங்குட்டியின் சிறுநீர் ஏறக்குறைய நிறமற்றதாயிருக்கும்.
(இ) குட்டி தளர்ந்து கிடத்தல், அல்லது ஓயாது மெலிந்த குரலிற் கத்துதல்.
(ஈ) விரல் நுனியை வாயருகே வைத்தாற் சப்ப முயலாமை.

5. நீரூட்டல்

குட்டி சூடடைந்து, விரலைச் சப்பத் தொடங்கிய பின்னரே எதனையும் வாயில் விடலாம். முதல் ஊட்டமாகப் பாலைக் கொடாது, வயிற்றோட்டத்துக்குப் பயன்படும் ஜீவனி போன்ற நீரூட்டற் பொடியைக் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுத்தல் நன்று. பொதியில் எழுதப்பட்டுள்ள அளவு நீரிலேயே பொடி முழுவதையும் கரைத்தல் வேண்டும். குறைந்த நீரிற் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்கு விளையும். இக்கரைசலை இளஞ்சூடாக்கி, 100 கிராம் நிறையுள்ள குட்டிக்கு 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிலீற்றர் வீதம், துளித் துளியாக நான்கு ஐந்து முறை கொடுக்கலாம். அடுத்த ஊட்டத்தில் கரைசலும் பாலும் சம பங்காகக் கலந்து கொடுத்து, அதன் பின்னர் முழுப் பாலுக்கு மாறுதல் வேண்டும்.

கரைசல் உணவாகாது என்பதை மறத்தலாகாது. அதனை மாத்திரம் பல மணி நேரம் கொடுத்தால் குருதியில் வெல்லம் குறைந்து குட்டி மயங்கும். மிகவும் சோர்ந்த குட்டிக்குச் சீனிக் கரைசலில் விரலைத் தோய்த்து முரசிற் தடவலாம். விழுங்க இயலாத குட்டியின் வாயில் எதனையும் ஊற்றாது, மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுசெல்லுதல் வேண்டும். தோலின் கீழ் நீரேற்றுதல் அவரால் இயலும்.

6. எந்தப் பால் ஏற்றது?

பசுப்பாலிலும் பார்க்கப் பூனைப்பாலில் ஏறக்குறைய இருமடங்கு புரதம் உண்டு, கொழுப்பும் மிகுதி. பசுப்பாலில் உள்ள பாற்சீனியோ குட்டியின் குடலுக்கு மிகையானது. அது சமிக்காது கழிச்சலை உண்டாக்கும்; கழிச்சலால் உள்ள நீரும் வெளியேறும். பாலுண்டும் குட்டி நீரின்றிச் சாவதன் காரணம் இதுவேயாகும். ஆட்டுப்பால், குழந்தைகளுக்கான மாப்பால், சீனி சேர்ந்த ரின்பால், தேங்காய்ப்பால் ஆகியவையும் ஏற்றவை அல்ல.

பூனைக்குட்டிகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட மாப்பாலே சிறந்தது. அது நகரங்களிலுள்ள செல்லப்பிராணிக் கடைகளிலும் மிருக வைத்திய நிலையங்களிலும் கிடைக்கும். கட்டளைப்படி அளந்து கரைத்தல் வேண்டும். தடித்த பால் மலத்தை இறுக்கும் அல்லது கழிச்சலை உண்டாக்கும். நீர்த்த பால் குட்டியை மெலிவிக்கும்.

அது கிடைக்கும் வரை, ஓரிரு நாளைக்கு மாத்திரம் பின்வரும் கலவை உதவும்:

கொதிக்கவைத்து ஆற்றிய முழுப் பசுப்பால் – 240 மில்லிலீற்றர்
புதிய கோழிமுட்டையின் மஞ்சட்கரு – 2
சமையல் எண்ணெய் – 1 தேக்கரண்டி

முட்டையின் வெண்கரு சேர்க்கலாகாது. நன்கு அடித்துக் கலந்து, மெல்லிய சீலையில் வடித்து, குளிர்ச்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் முடித்தல் வேண்டும். குளிர்ச்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒவ்வொரு வேளைக்கும் வேண்டிய அளவைச் சிறிதாகக் கலத்தல் வேண்டும். குட்டி உண்டு எஞ்சிய பாலை மறுவேளைக்கு வைத்திருத்தலாகாது.

7. எவ்வளவு? எத்தனை தடவை?

நாளொன்றுக்கு 100 கிராம் நிறைக்கு ஏறக்குறைய 20 மில்லிலீற்றர் பால் வேண்டும். ஒரே வேளையில் 100 கிராம் நிறைக்கு 4 மில்லிலீற்றருக்கு மேல் கொடுத்தலாகாது. குட்டியின் வயிறு அவ்வளவையே கொள்ளும். இவ்விரு விதிகளையும் நினைவில் வைத்தால் அளவு தவறாது.

முதற் கிழமை, 100 கிராம் குட்டி: நாளுக்கு 20 மி.லீ., 8 தடவை, தடவைக்கு 2 ½ மி.லீ.
இரண்டாம் கிழமை, 200 கிராம்: நாளுக்கு 40 மி.லீ., 6 தடவை, தடவைக்கு 6 ½ மி.லீ.
மூன்றாம் கிழமை, 300 கிராம்: நாளுக்கு 60 மி.லீ., 5 தடவை, தடவைக்கு 12 மி.லீ.
நான்காம் கிழமை, 400 கிராம்: நாளுக்கு 80 மி.லீ., 5 தடவை, தடவைக்கு 16 மி.லீ.

எடுத்துக்காட்டாக, 140 கிராம் நிறையுள்ள குட்டிக்கு நாளுக்கு 28 மில்லிலீற்றர் வேண்டும். ஏழு தடவையாகப் பிரித்தால் தடவைக்கு 4 மில்லிலீற்றர் ஆகும்; இது தேக்கரண்டி ஒன்றிலும் குறைவானது. முதற் கிழமையில் இரவிலும் மூன்று மணிக்கொருமுறை எழுந்து ஊட்டுதல் வேண்டும். பகலில் வயல்வேலைக்குச் செல்லும் வீட்டார் இப்பணியைத் தம்முள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது நன்று. ஒரு வேளை தவறிற்றென்று அடுத்த வேளையில் இருமடங்கு கொடுத்தலாகாது.

8. ஊட்டும் முறை

மருந்துக்கடையிற் கிடைக்கும் ஊசியற்ற 1 மில்லிலீற்றர் மருந்தேற்றுங் குழல் முதற் கிழமைக்கு ஏற்றது. றப்பர் முலையுள்ள சிறு போத்தலாயின், அதனைத் தலைகீழாகப் பிடித்தால் பால் துளித்துளியாக விழுதல் வேண்டும். தாரையாக ஒழுகும் துளை ஆபத்தானது. ஒவ்வொரு முறையும் இவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக் கொதிநீரில் இடுதல் வேண்டும். ஊட்டுபவர் தமது கைகளையும் கழுவுதல் வேண்டும்.

பாலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடற்சூட்டளவுக்குக் கொண்டுவருக. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டால் இளஞ்சூடாக உணரப்பட வேண்டும்.

குட்டியைக் குழந்தைபோல மல்லாத்தி ஏந்துதல் பெருந்தவறு. அது தாயிடம் பாலுண்ணும் நிலையிலேயே, வயிறு கீழாக, சீலையின் மேல் ஊன்றி நிற்குமாறு வைத்தல் வேண்டும். தலையை அண்ணாத்தலாகாது. குழலின் நுனியை வாயின் ஓரத்தால் நுழைத்து, குட்டி விழுங்கும் வேகத்துக்கேற்ப ஒவ்வொரு துளியாக விடுக. மூக்கினாற் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைச் சற்றுத் தாழ்த்தி, மூக்கைத் துடைத்தல் வேண்டும். மூச்சுக்குழாயினுட் சென்ற பால் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். குட்டி தலையைத் திருப்பினால் மேலும் கொடுக்க முயலலாகாது.

9. மலசலம் கழிப்பித்தல்

மூன்று கிழமை வரை இளங்குட்டி தானாக மலசலம் கழிக்க மாட்டாது. தாய் நக்குவதனாலேயே கழிக்கும். ஆகையால் ஒவ்வோர் ஊட்டத்தின் பின்னரும் இளஞ்சூடான நீரில் நனைத்த பஞ்சினால் வயிற்றின் அடிப்பகுதியையும் மலவாயிலையும் மெல்லத் தடவுதல் வேண்டும். சிறுநீர் ஒவ்வொரு முறையும் வரும். மலம் நாளுக்கு ஓரிரு முறை வரலாம். இதனைச் செய்யாதுவிடின், நன்றாகப் பாலுண்ட குட்டியும் வயிறு வீங்கி இறக்கும்.

மலம் மஞ்சள் கலந்த நிறமாய்க் குழைவாயிருத்தல் நல்ல அடையாளம். அது நீராகவோ, பச்சையாகவோ, வெண்மையாகவோ மாறினால், பால் மிகுந்துவிட்டது அல்லது நோய் தொற்றிவிட்டது எனக் கொண்டு, ஓரிரு வேளைக்குப் பாலைச் சம அளவு நீரூட்டற் கரைசலுடன் கலந்து கொடுத்து, மிருக வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

10. நாள்தோறும் நிறுத்தல்

குட்டி உயிர் பிழைக்குமா என்பதைத் தராசே முதலில் அறிவிக்கும். சமையலறைத் தராசில் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வைத்தல் வேண்டும். நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை நிறை கூடுதல் நலம். ஒரு நாளில் நிறை சிறிதும் கூடாவிடினும், குறைந்துவிடினும் காலந்தாழ்த்தாது மருத்துவ உதவி பெறுதல் வேண்டும்.

11. பால் மறப்பித்தல்

நான்காம் கிழமை முதல் தட்டையான பாத்திரத்திற் பாலை வைத்து நக்கப் பழக்கலாம். அவித்து முள் நீக்கிய மீன், அவித்த கோழியிறைச்சி, அவித்த முட்டை ஆகியவற்றை நன்கு மசித்துப் பாலுடன் குழைத்துக் கொடுக்கலாம். ஆழமற்ற சிரட்டையில் சுத்தமான நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். ஏழாம் எட்டாம் கிழமையில் பாலை முற்றாக நிறுத்தலாம்.

சோறு மாத்திரம் பூனைக்கு உணவாகாது. அது மாமிசம் உண்ணும் விலங்கு. மீனும் இறைச்சியும் இன்றி வளரும் பூனையின் கண்ணும் இருதயமும் கெடும். வெங்காயம், உள்ளி சேர்ந்த குழம்பைச் சோற்றிற் குழைத்து வைத்தலும் தவறு. அவை பூனையின் குருதியைக் கெடுக்கும். பசியுடன் விட்டாற்றான் பூனை எலி பிடிக்கும் என்று சிலர் கருதுவர். நன்கு உண்ட பூனையும் வேட்டையாடும். உணவு கிடைக்கும் வீட்டிலேயே அது தங்கும்.

12. தவிர்க்க வேண்டியன

பரசிற்றமோல் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கக் கூடும். தெள்ளை ஒழிக்க மண்ணெண்ணெய், மாட்டுண்ணி மருந்து, பயிருக்குத் தெளிக்கும் மருந்து ஆகியவற்றைப் பூசுதல் குட்டியைக் கொல்லும். தெள்ளு இளங்குட்டியின் குருதியை உறிஞ்சிச் சோகையை விளைவிக்குமாதலின், நுண்ணிய சீப்பினால் வாரி அகற்றுதல் வேண்டும். குட்டியைக் கழுவ நேரின் இளஞ்சூடான நீரினாற் கழுவி, உடனே ஈரம் உலர்த்துக. பூனை உலாவும் களஞ்சியத்தில் எலிநஞ்சு வைத்தலாகாது. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் சாகும்.

13. வீட்டார் நலம்

பூனையின் மலத்தில் மனிதருக்குத் தீங்கு செய்யும் கிருமிகள் இருத்தல் கூடும். கருவுற்ற பெண்கள் அதனைத் துப்புரவு செய்தலாகாது. மலத்தை மரக்கறிப் பாத்திகளிலிருந்து விலகிய இடத்தில் ஆழப் புதைத்தல் வேண்டும். பாத்தியிற் பறித்த கீரையையும் காயையும் நன்கு கழுவியே உண்ணுதல் வேண்டும்.

பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். விசர்நோய் பூனையாலும் பரவும். குட்டிக்கு விசர்நோய்த் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் கொடுக்கவேண்டிய காலத்தை மிருக வைத்தியர் அறிவிப்பார். குட்டி வளர்ந்த பின் கருத்தடை செய்வித்தால், வைக்கோற் போரிற் தாயற்ற குட்டிகள் மேலும் தோன்றுதல் குறையும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. முதலிற் சூடு, பின்னர் நீர், அதன் பின்னரே பால்.
2. குளிர்ந்த குட்டிக்கும் விழுங்க இயலாத குட்டிக்கும் எதனையும் ஊட்டலாகாது.
3. தனிப் பசுப்பால் கொடுத்தலாகாது.
4. நாளுக்கு 100 கிராம் நிறைக்கு 20 மி.லீ. பால், வேளைக்கு 4 மி.லீ.க்கு மேற்படலாகாது.
5. வயிறு கீழாக வைத்துத் துளித்துளியாக ஊட்டுக.
6. ஒவ்வோர் ஊட்டத்தின் பின்னரும் மலசலம் கழிப்பிக்க.
7. நாள்தோறும் நிறுத்து எழுதுக.
8. நிறை குறைதல், கழிச்சல், சோர்வு, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அண்மையிலுள்ள அரசினர் மிருக வைத்திய நிலையத்துக்குத் தாமதியாது கொண்டுசெல்க.

இவ்வாறு நான்கு கிழமை கவனித்து வளர்த்த குட்டி பின்னர் வீட்டோடு நிலைத்து, பல போகங்களுக்குக் களஞ்சியத்தின் காவலாய் உதவும்.